ப்ளூடூத் தானாகச் சேர்வதும், சேராமல் அடம்பிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூடூத் என்றால் ஒரு காலத்தில் பாட்டு அனுப்புவது. இரண்டு நோக்கியா போன்களை அருகருகே வைத்துக்கொண்டு, ஒரு எம்பி3 போய்ச் சேரும்வரை நகராமல் நின்ற தலைமுறை நாங்கள். இப்போது அதில் பாட்டு அனுப்புவோர் அரிது. காதில் மாட்டுவது முதல் ஓட்டிப் போகும் வண்டி வரை எல்லாமே போனோடு தானாகச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சேர்ந்தால் யாரும் கவனிப்பதில்லை, சேராவிட்டால் கடைக்கு வருகிறார்கள். போன் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்ததுமே என் போனோடு சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் போனோடு ஏன் சேர்வதில்லை?

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

முதலாவது பேரிங். புதுக் கருவி வாங்கியதும் ஒரே ஒருமுறை செய்வது. அப்போது இரண்டு கருவிகளும் ஒன்றின் முகவரியை மற்றொன்று குறித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளத்தில் ஒரு முகவரி உண்டு. அதோடு, 128 பிட் ரகசியச் சாவி ஒன்றை இரண்டும் சேர்ந்து உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. இப்போதைய கருவிகளில் அந்தச் சாவி காற்றில் போவதே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றன.

இரண்டாவது கனெக்ட் ஆவது. இது தினமும் நடப்பது. பெட்டியைத் திறந்ததும் இயர்பட்ஸ் 'இங்கே யார் யார் இருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்பதில்லை. கடைசியாகச் சேர்ந்திருந்த போனின் முகவரியை எடுத்து, அதை மட்டும் கூப்பிடுகிறது. போனும் தன்னை யாராவது கூப்பிடுகிறார்களா என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வழக்கமான அமைப்பில் 1.28 நொடிக்கு ஒருமுறை, 11.25 மில்லி நொடி மட்டும். பெட்டியைத் திறந்தவுடன் சத்தம் வராமல் ஓரிரு நொடி தள்ளி 'டிங்' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூப்பிட்டது தன்னைத்தான் என்று தெரிந்ததும் சாவியைச் சோதிப்பார்கள். ஒரு பக்கம் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். மறுபக்கம் அந்த எண்ணையும் தன்னிடமுள்ள சாவியையும் வைத்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். விடை பொருந்தினால் இணைப்பு. பக்கத்து இருக்கைக்காரர் போனுக்கு இந்த அழைப்பு வந்ததே தெரியாது. தெரிந்தாலும் அதனிடம் சாவி இல்லை.

நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் 'கனெக்டிங்... டிஸ்கனெக்டட்' என்றே காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. சாவியின் ஒரு பிரதி தொலைந்திருக்கும், அவ்வளவுதான்.

போனிடம் சாவி இருக்கிறது, இயர்பட்ஸிடம் இல்லை. அல்லது தலைகீழாக. சாவி உள்ள பக்கம் 'நமக்கு ஏற்கெனவே பழக்கம்' என்று நினைத்துப் பழைய சாவியோடு போகிறது, மறுபக்கம் அதைத் தெரியாது என்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்களில் 'பின் அல்லது பாஸ்கீ தவறு' என்றுகூட வரும். வாடிக்கையாளர் நான் எந்த பின்னையும் போடவில்லையே என்று திகைத்து நிற்பார். பாவம், அவர் போடவில்லைதான்.

சாவி எப்படித் தொலைகிறது? வீட்டில் குழந்தை பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்திருக்கலாம். கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டில் போயிருக்கலாம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: இயர்பட்ஸ், நெக்பேண்ட் போன்றவற்றில் பழைய சாவிகளை வைத்துக்கொள்ள இடம் கொஞ்சம்தான். பல மாடல்களில் எட்டு கருவிகள் வரைதான் நினைவில் நிற்கும். ஒன்பதாவதைச் சேர்த்தால், நீண்ட நாளாகப் பயன்படுத்தாத ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிடும். அலுவலகத்தில் ஆளாளுக்கு வாங்கிச் சோதித்துப் பார்த்த ஹெட்செட் சில நாளில் வீட்டு டிவியை மறந்துபோவது இப்படித்தான்.

தீர்வு ஒன்றுதான், ஆனால் அதை முழுதாகச் செய்ய வேண்டும். போனில் ப்ளூடூத் பட்டியலில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு இயர்பட்ஸையும் ரீசெட் செய்யுங்கள். பல மாடல்களில் இரண்டையும் பெட்டியில் வைத்து, மூடியைத் திறந்தபடி, விளக்கு நிறம் மாறும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பழைய நினைவு போன பிறகே புதிதாக பேரிங் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு 'அப்பவும் சேரலை' என்று கொண்டுவருபவர்கள்தான் அதிகம். போனை ஆஃப் செய்து ஆன் செய்வதில் இந்தக் கோளாறு தீராது. சாவி இருப்பது அணைத்தால் அழியும் ரேமில் இல்லை, நிரந்தர நினைவகத்தில்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இரண்டுக்கும் ப்ளூடூத் சிப் ஒன்றுதான், முகவரியும் ஒன்றுதான். ஆனால் சாவிகளைத் தனித்தனியே எழுதி வைக்கின்றன. லினக்ஸில் மவுஸைச் சேர்த்தால் மவுஸ் பழைய சாவியை மாற்றிக்கொள்ளும், விண்டோஸில் அது சேராது. ஒரு பக்கத்துச் சாவியை மறுபக்கத்துக்கு நகலெடுத்துப் போடுவது ஒரு வழி. மவுஸுக்கு தாங்கிள், அதாவது யூஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர், வாங்குவது சோம்பேறி வழி. எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது. இதுவும் அதேதானா?

அதன் தம்பி. இடதும் வலதும் தங்களுக்குள்ளும் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். அது விட்டுப்போயிருக்கும். பெட்டியில் வைத்து ரீசெட் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். அதற்கு முன் சார்ஜ் ஏறும் பித்தளை நிறப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அழுக்கு அடைத்து ஒரு பக்கம் சார்ஜே ஏறாமல் இருப்பது நான் அடிக்கடி பார்ப்பது.

முன்பெல்லாம் 0000 போடச் சொல்லும். இப்போது எதுவுமே கேட்பதில்லை. பாதுகாப்பு குறைந்துவிட்டதா?

கூடியிருக்கிறது. 0000, 1234 என்று உலகத்துக்கே தெரிந்த எண்ணை வைத்துப் பூட்டுவதில் என்ன பாதுகாப்பு? 2007-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து முறை மாறிவிட்டது. இரண்டிலும் திரை இருந்தால் ஒரே ஆறு இலக்க எண் இரண்டிலும் தெரியும், பார்த்து 'ஆம்' கொடுக்க வேண்டும். போனையும் காரையும் சேர்க்கும்போது வருவது இது. தயவுசெய்து எண்ணைப் பாருங்கள், கையெழுத்துப் போடுவதுபோல் 'ஓகே' தட்டாதீர்கள். இயர்பட்ஸில் திரையும் இல்லை, பொத்தான் பலகையும் இல்லை. அதனால் எதுவும் கேட்காமலே சேர்கிறது. ஒட்டுக்கேட்பவரிடமிருந்து இது காக்கும். ஆனால் சேரும் அந்த நொடியில் நடுவில் ஒருவர் புகுந்து ஆள்மாறாட்டம் செய்தால் கண்டுபிடிக்காது. பேரிங்கை வீட்டிலேயே செய்துவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெட்டியைத் திறந்தால் திரையில் அதன் படமே வருகிறதே?

ஆப்பிள் 2016-இல் ஏர்பாட்ஸோடு கொண்டுவந்த வழக்கம் இது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2017-இல் ஃபாஸ்ட் பேர், விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஸ்விஃப்ட் பேர் என்று அவரவர் பங்குக்குச் செய்தார்கள். பெட்டி திறந்ததும் கருவி தன் மாடல் எண்ணை ப்ளூடூத்தின் குறைந்த சக்தி முறையில் (லோ எனர்ஜி, சுருக்கமாக எல்இ) அறிவிக்கிறது. போன் அந்த எண்ணுக்குரிய படத்தையும் பெயரையும் எடுத்துக் காட்டுகிறது. ஒருமுறை சேர்த்தால் அது உங்கள் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ பதிவாகிவிடும். அதே கணக்கு உள்ள டேப்லெட்டில் மறுபடி பேரிங் செய்ய வேண்டாம்.

வசதிதான். ஆனால் ஒரே கணக்கை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் அப்பாவின் இயர்பட்ஸ் மகளின் டேப்லெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கணக்கைப் பிரியுங்கள்.

நான் ஹாலில் போன் பேசிக்கொண்டிருக்கிறேன். மனைவி வாசலில் காரை ஸ்டார்ட் செய்தால் பேச்சு கார் ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது!

தெரு முழுக்கக் கேட்டிருக்குமே.

காரை இயக்கியதும் அதன் திரை தன்னிடமுள்ள பட்டியலை எடுத்து ஒவ்வொரு போனாகக் கூப்பிடும். எதை முதலில் கூப்பிடுவது என்பதில் கம்பெனிக்கு ஒரு வழக்கம்: சிலதில் கடைசியாகச் சேர்ந்தது, சிலதில் நீங்கள் முதன்மை என்று குறித்தது. ஓட்டுபவர் யார் என்று அதற்குத் தெரியாது. எட்டுகிற தூரத்தில் எந்தப் போன் பதில் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண ப்ளூடூத் ரேடியோவின் சக்தி 2.5 மில்லிவாட். பத்து மீட்டர் என்று கணக்கு. ஹாலில் இருந்து வாசலுக்கு அது போதும்.

காரின் செட்டிங்ஸில் முதன்மைப் போனை மாற்றுங்கள். முடியாவிட்டால் உங்கள் போனில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு 'போன் அழைப்புகள்' என்பதை மட்டும் அணைத்து வையுங்கள். நீங்கள் ஓட்டும் நாளில் ஆன் செய்துகொள்ளலாம். தானாகச் சேர்வதில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். யாரோடு சேர்வது என்பதை கருவி முடிவு செய்கிறது, நம்மைக் கேட்பதில்லை. அணைக்கும் பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை மூன்று திரை தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

காரில் கால் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை. எப்படி?

ப்ளூடூத் இணைப்பு ஒன்றே போலத் தெரிந்தாலும் உள்ளே பல தடங்கள். பேச்சுக்கு எச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, பாட்டை மாற்றும் பொத்தான்களுக்கு ஏவிஆர்சிபி, தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ள பிபிஏபி. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சேரும், தனித்தனியே விட்டுப்போகும். மேலே சொன்ன அதே சக்கரத்தைத் தொட்டால் 'மீடியா ஆடியோ' அணைந்திருப்பதைப் பார்க்கலாம். ஆன் செய்யுங்கள்.

லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் சேர்ந்த நொடியில் பழைய மீடியம் வேவ் ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. ஹெட்செட் மட்டமா?

விலை உயர்ந்த ஹெட்செட்டிலும் இது நடக்கும். மேலே சொன்ன தடங்களின் கதைதான். பாட்டுத் தடம் ஒருவழிப் பாதை. மொத்த இடமும் ஒலி உங்கள் காதுக்கு வரவே. அதில் மைக்குக்கு இடமில்லை. மீட்டிங் ஆப் மைக்கைக் கேட்டதும் கணினி அந்தத் தடத்தை மூடிவிட்டுப் பேச்சுத் தடத்துக்கு மாறுகிறது. பாட்டுத் தடத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து ஸ்டீரியோவாக அனுப்புவார்கள். பேச்சுத் தடத்தில் பழைய முறையென்றால் 8,000 முறை, புதிய முறையென்றால் 16,000 முறை, அதுவும் மோனோ. காதுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்குமா?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை யாரும் கேட்காததால் பாட்டுத் தடம் அப்படியே இருக்கும். வீட்டில் மிக்ஸி ஓடும் நேரத்தில் மட்டும் இது உதவாது.

எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தச் சங்கடம் தீர்கிறது. அது போன், ஹெட்செட் இரண்டிலும் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் போனிலும் லேப்டாப்பிலும் சேர்ந்திருக்க முடியுமா?

மல்டிபாயின்ட் வசதி உள்ளதில் முடியும். வாங்கும்போது அந்தச் சொல்லைக் கேட்டு வாங்குங்கள், 'ரெண்டு டிவைஸ் ஓடும்' என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பல கடைகளில் அதற்கு அர்த்தம் 'மாற்றி மாற்றி ஓடும்' என்பது. மல்டிபாயின்ட்டிலும் ஒரு தொல்லை உண்டு. லேப்டாப்பில் ஏதோ ஓர் இணையப் பக்கம் 'டொய்ங்' என்றால் போனில் ஓடும் பாட்டு நின்றுவிடும். பகலில் அணைத்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்கூட்டர் மீட்டரில் யார் கூப்பிடுகிறார்கள் என்று வர வேண்டும். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

டிவிஎஸ் 2018-இல் என்டார்க் 125-ஐக் கொண்டுவந்தபோது ப்ளூடூத் மீட்டர்தான் அதன் பேச்சே. இப்போது பல வண்டிகளில் வந்துவிட்டது. இயர்பட்ஸைப் போல் இதைப் போனே நேராகக் கையாள்வதில்லை. கம்பெனியின் ஆப் ஒன்று பின்னணியில் விழித்திருக்க வேண்டும். அதுதான் வண்டியோடு சேர்ந்து, அழைப்பவர் பெயரையும் வழியையும் மீட்டருக்கு அனுப்புகிறது. கைக்கடிகாரங்களுக்கும் பெரும்பாலும் இதே ஏற்பாடு.

நம் ஊரில் அதிகம் விற்கும் போன்களோ பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று பின்னணி ஆப்களை இரக்கமில்லாமல் மூடுகின்றன. காலையில் வேலை செய்தது மாலையில் செய்யாததற்கு வண்டி காரணமில்லை. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள், 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் அனுமதியுங்கள், அண்மை ஆப்கள் திரையில் எல்லாவற்றையும் ஒரே தள்ளில் மூடும் பழக்கத்தையும் விடுங்கள். 'நோட்டிஃபிகேஷன் அணுகல்' இல்லாவிட்டால் அழைப்பவர் பெயர் வராமல் போகலாம். சர்வீஸ் சென்டருக்குப் போய் அரைநாள் உட்காரும் முன் இதைப் பாருங்கள்.

வீட்டில் ஒழுங்காக ஓடும் இயர்பட்ஸ் மெட்ரோ ஸ்டேஷனில் திக்கித் திக்கிப் பாடுகிறது.

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட இடம். இந்தியாவில் 2005 விதிகள் இதைத் திறந்துவிட்டன. அதனால் வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் அங்கேதான். ப்ளூடூத் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. பட்டையை 79 அலைவரிசைகளாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை அலைவரிசை மாறித் தாவுகிறது. எந்த வரிசையில் தாவுவது என்று சேர்ந்திருக்கும் இருவருக்கு மட்டும் தெரியும். 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான அலைவரிசைகளைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டுத் தாவவும் கற்றுக்கொண்டது.

ஆனால் ஆளுக்கொரு இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் நிற்கும் பிளாட்பாரத்தில் ஒதுங்க இடமேது? அதோடு நம் உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அலையாவது காதுக்கு வரும், திறந்தவெளியில் அதுவும் இல்லை. பேன்ட்டின் பின்பாக்கெட்டில் இருக்கும் போனைச் சட்டைப்பைக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

மேசையில் இதே தொல்லை இருந்தால் யூஎஸ்பி 3 போர்ட்டைப் பாருங்கள். அந்த போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் இதே பட்டையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் 2012-லேயே எழுதி வைத்த விஷயம். தாங்கிளை ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் மவுஸ் குதிப்பது நின்றுவிடும்.

படத்தில் வாய் அசைவும் சத்தமும் பொருந்துகிறது. கேமில் மட்டும் சுட்ட பிறகு சத்தம் வருகிறதே?

ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துப் போட நேரம் ஆகிறது. எஸ்பிசி என்ற சாதாரணச் சுருக்கு முறையில் கால் நொடி வரைகூடப் போகும். வீடியோ ஆப் அந்தத் தாமதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிடுகிறது. கேமில் அது முடியாது, நீங்கள் தட்டியதும் நடக்க வேண்டுமே. 'கேம் மோடு' இருந்தால் போடுங்கள், குறையும். முழுதாகப் போக வேண்டுமென்றால் வயர்தான்.

பெட்டியில் 5.3, 5.4 என்று போட்டிருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லதா?

பாட்டு கேட்பவருக்கு அந்த எண்ணால் பெரிய வித்தியாசமில்லை. 2016-இல் 5.0 வந்தபோது 'இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்' என்று விளம்பரம். அது குறைந்த சக்தி முறைக்கானது, அதிலும் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வழக்கமான பாட்டுத் தடத்துக்கு அது பொருந்தவே இல்லை. எண்ணைப் பார்ப்பதைவிட எல்இ ஆடியோ உண்டா, மல்டிபாயின்ட் உண்டா என்று கேளுங்கள்.

வேறு வேறு கம்பெனிப் பொருள்கள் எப்படி ஒத்துப்போகின்றன?

விதிகளை வகுப்பது ஒரே கூட்டமைப்பு. 1994-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் வயரில்லாத குறுந்தூர இணைப்பில் வேலையைத் தொடங்கினார். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் சேர்ந்து அமைப்பை உருவாக்கின. தனியாக வைத்துக்கொண்டு காசு பார்க்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் இன்று உள்ளூர் நெக்பேண்ட் எந்தப் போனிலும் பாடுகிறது.

ப்ளூடூத்தை அணைத்த பிறகும் வாட்ச் சேர்ந்தே இருக்கிறது. அணையவில்லையா?

ஐபோனில் மேலிருந்தோ கீழிருந்தோ இழுக்கும் கன்ட்ரோல் சென்டரில் தொட்டால் அணையாது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து அப்படித்தான். இயர்போன் போன்றவற்றை மட்டும் கழற்றிவிடும். வாட்ச், பென்சில் போன்றவை தொடரும், மறுநாள் காலை 5 மணிக்குத் தானே பழையபடி ஆகிவிடும். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். அணைப்பது என்று பொத்தான் வைத்தால் அணைய வேண்டும் என்பது என் கட்சி.

ஆண்ட்ராய்டில் வேறு விதம். லொகேஷன் செட்டிங்ஸுக்குள் 'ப்ளூடூத் ஸ்கேனிங்' என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால், ப்ளூடூத்தை அணைத்தாலும் அருகில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 15-இல் 'நாளை தானாக ஆன் ஆகட்டும்' என்ற தேர்வும் வந்திருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் சரி.

பேட்டரிக்காக அணைக்கிறீர்கள் என்றால், வேண்டாம். சும்மா ஆனில் இருப்பதற்கு ஆகும் செலவு திரை வெளிச்சத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு பல்பை ப்ளூடூத்தில் இயக்க ஆப் போட்டேன். அது ஏன் லொகேஷன் கேட்கிறது?

கேள்வி நியாயம்தான், பதிலும் நியாயமானதே. மால்களிலும் விமான நிலையங்களிலும் 'நான் இன்ன இடம்' என்று ஓயாமல் அறிவிக்கும் சிறு பீக்கன் கருவிகள் உண்டு. அருகிலுள்ள ப்ளூடூத் கருவிகளைப் பார்க்க முடிந்த ஆப்புக்கு, ஜிபிஎஸ் இல்லாமலே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அதனால் 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது இதற்கு லொகேஷன் அனுமதியைக் கட்டாயமாக்கினார்கள். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி. புதிய போனில் ஒரு பல்பு ஆப் இன்னமும் லொகேஷனே வேண்டும் என்றால் எழுதியவர் சோம்பேறி, அல்லது உங்கள் இடம் அவருக்குத் தேவைப்படுகிறது. 2020-இல் ஆரோக்ய சேது ப்ளூடூத்தை எப்போதும் ஆனில் வைக்கச் சொன்னது நினைவிருக்கும். யார் அருகில் யார் இருந்தார் என்பதை அந்த அலையை வைத்தே அது குறித்தது.

ஆனில் இருந்தால் யாராவது ஹேக் செய்வார்களா?

2004-இல் கபீர் என்ற வைரஸ் நோக்கியா வகை சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியாகப் பரவியது. அதற்கு நாமே 'யெஸ்' தட்ட வேண்டியிருந்தது. 2017-இல் வெளியான ப்ளூபோர்ன் ஓட்டைகள் அப்படியில்லை: பேரிங்கே இல்லாமல், ப்ளூடூத் ஆனில் இருந்தாலே போதும் என்ற நிலை. 2019-இல் வெளிவந்த நாப் தாக்குதல் இணைப்பின் சாவி நீளத்தை ஒரு பைட் (எட்டு பிட்) வரை குறைக்கச் செய்தது. விதியையே திருத்த வேண்டியதாயிற்று. இவையெல்லாம் அப்டேட்டில் அடைக்கப்பட்டவை. ஆக, பயப்பட வேண்டியவர் அப்டேட் நின்றுபோன போனை வைத்திருப்பவர். அப்படிப்பட்ட போனில் கூட்டமான இடங்களில் அணைத்து வைப்பது புத்திசாலித்தனம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: நீங்கள் தொடங்காத பேரிங் கோரிக்கை திரையில் வந்தால் மறுத்துவிடுங்கள்.

'அறியாத டிராக்கர் உங்களோடு நகர்கிறது' என்று போனில் எச்சரிக்கை வந்தது.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 2021-இல் வந்த ஏர்டேக் போன்ற வில்லைகளில் ஜிபிஎஸ் கிடையாது. தன் இருப்பை ப்ளூடூத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த வழியே போகும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, இருக்குமிடத்தை உரிமையாளருக்குச் சேர்த்துவிடும். சாவிக்கொத்தைத் தேட நல்ல ஏற்பாடு. ஒரு பெண்ணின் வண்டி சீட்டுக்கு அடியில் போட்டால் கதையே வேறு. 2024 மே மாதத்திலிருந்து ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே இந்த எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கையைத் தொட்டு ஒலி எழுப்பச் சொல்லித் தேடுங்கள். கிடைத்ததும் போனின் பின்பக்கத்தை அதில் ஒற்றினால் வரிசை எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம். நண்பரின் கைப்பையில் இருப்பதாகவும் இருக்கலாம், முதலில் கூட வந்தவரைக் கேளுங்கள்.

அப்பாவின் காது கேட்கும் கருவி போனோடு சேருமா?

புதிய கருவிகள் பலவும் சேரும். ஆனால் எந்த போனோடு என்பதைக் கருவி வாங்கும் முன்பே கேட்க வேண்டும். ஐபோனுக்கென்று ஒரு முறை, ஆண்ட்ராய்டுக்கென்று ஆஷா என்று இன்னொரு முறை இருந்தது. 2022-இல் முழுமையடைந்த எல்இ ஆடியோ இரண்டுக்கும் பொதுவானது. அதிலேயே ஆராகாஸ்ட் என்ற வசதியும் உண்டு: ஒரு டிவியோ அரங்கமோ ஒலியை ஒலிபரப்பும், பேரிங் இல்லாமல் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் கருவியில் கேட்கலாம். அப்பாவின் போனையும் கருவியையும் ஆடியாலஜிஸ்ட்டிடம் ஒன்றாகக் கொண்டுபோய், அங்கேயே ஓர் அழைப்பு பேசிப் பார்த்துவிட்டு பணம் கட்டுங்கள்.

தலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க மாட்டியிருக்கலாமா?

கதிரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், இது செல்களை உடைக்கும் வகைக் கதிர் அல்ல. சக்தியும் போனே காதில் வைக்கப்படும்போது வெளியிடுவதைவிட மிகக் குறைவு. ஒலியளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, காதுக்கு உண்மையான ஆபத்து அதுதான்.

கடையில் பணம் வந்ததும் பேசுகிற பெட்டி ப்ளூடூத்தா?

இல்லை. பெரும்பாலும் உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. கடைக்காரர் போன் வீட்டில் இருந்தாலும் அது பேசும்.

வாடகைக் காரில் போனைச் சேர்க்கலாமா? பழைய இயர்பட்ஸை விற்கும் முன் என்ன செய்வது?

பாட்டு மட்டும் போதுமென்றால், சேர்க்கும்போது 'தொடர்புகளைப் பகிரவா' என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால் உங்கள் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் கார்த் திரைக்கு இறங்கிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது போனில் மட்டும் அழித்தால் போதாது. காரின் திரையில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து உங்கள் பெயரை நீக்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்களில் முந்தைய உரிமையாளரின் மாமா, சித்தப்பா எண்கள் வரை அப்படியே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இயர்பட்ஸை விற்கிறீர்கள் என்றால் ரீசெட் செய்வதோடு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கியவரின் ஏர்பாட்ஸ் உங்கள் 'ஃபைண்ட் மை' வரைபடத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், அவர் அதை முழுதாகத் தன்னுடையதாக்கவும் முடியாது.